பழி துடைத்த விஞ்ஞானி

ஜீடிமெட்லா மருந்து ஆலைத் தொழிலாளர் அறிவர்: புட்டியில் கிருமி புகுந்தால், அது ஆலையிலா, வெளியிலா என்பதே முதல் கேள்வி. அக்கேள்விக்கு விடை கிடைக்க ஐந்தாண்டு காத்திருந்தவர் வால்டெமர் ஹாப்கின்.

1860-ல் அன்றைய ரஷ்யப் பேரரசின் ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸ் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் காலரா தடுப்பூசி கண்டு, 1892-ல் முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. மூன்றே மாதத்தில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10-ல் அதையும் தம் உடலிலேயே சோதித்தார்.

1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர். அனைவருக்கும் ஒரே புட்டி மருந்து. பழி ஹாப்கின் மீது விழுந்தது, பதவி பறிபோயிற்று. ஆனால் புட்டியைத் திறந்த இடுக்கி தரையில் விழுந்ததும், சரியாகச் சுத்தம் செய்யப்படாததும் பின்னர் வெளிப்பட்டன.

அவருக்காக வாதாடியவர்களுள் முக்கியமானவர் ரொனால்டு ராஸ்; 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். 1907-ல் பழி நீங்கியது. கல்கத்தாவில் மீண்டும் பணியேற்றார். இழந்த பம்பாய் பதவி திரும்பவில்லை. ஆனால் 1925-ல் அந்த பம்பாய் ஆய்வுக்கூடமே அவர் பெயரைப் பெற்றது. 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.