வலிக்கு வழி கண்ட மல்லர் டாக்டர் ஜான் பொனிகா

இத்தாலி நாட்டின் சிசிலித் தீவுக்கு அருகே ஃபிலிக்குடி என்றொரு சிறு தீவு உண்டு. அங்கு 1917 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 16 ஆம் நாள் பிறந்தவர் ஜான் பொனிகா. பத்து வயதளவில் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறி நியூயார்க் நகரில் வளர்ந்தார். சில ஆண்டுகளிலேயே தந்தை மறைய, குடும்பப் பாரம் சிறுவனின் தோளில் வீழ்ந்தது. தெருவில் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டார், நாளிதழ் விற்றார், காய்கனி விற்றார். ஆயினும் பள்ளியை விட்டாரில்லை.

பள்ளியில் பயின்ற மற்போரே பின்னர் அவருக்குக் கைகொடுத்தது. மருத்துவக் கல்விக்கான பொருளை ஈட்டப் பணத்துக்குக் கோதாவில் இறங்கினார். முகமூடி அணிந்தும், வேறு பெயர் பூண்டும் போரிட்டார். படிப்பதற்காக உழைத்தோர் பலர். ஆனால் எலும்பும் மூட்டும் நொறுங்க உழைத்துக் கட்டணம் கட்டியோர் மிகச் சிலரே எனலாம். 1942 இல் மில்வாக்கி நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே எம்மா என்னும் நங்கையை மணந்தார்.

எம்மாவின் முதற் பேறு அவருடைய வாழ்வைத் திருப்பியது. பயிற்சி குறைந்த இளம் மருத்துவர் ஒருவர் ஈதர் கொடுக்க, மயக்கத்திலிருந்த எம்மா வாந்தியெடுத்து மூச்சுத் திணறினார். உடல் நீலம் பாரித்தது. அருகிலிருந்த பொனிகா விரைந்து மூச்சுவழியைச் சீராக்கித் தாயையும் சேயையும் காத்தார். மயக்க மருந்து தேர்ந்த கைகளில்தான் இருத்தல் வேண்டும் என்பது அன்று அவர் நெஞ்சில் பதிந்தது. பிற்காலத்தில் மகப்பேற்று மயக்க மருத்துவம் பற்றிப் பெருநூல் ஒன்றையும் இயற்றினார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944 இல், வாஷிங்டன் மாநிலத்து மடிகன் இராணுவ மருத்துவமனையில் மயக்க மருத்துவப் பிரிவின் தலைவரானார். வயது 27 தான். அறுவையின்போது எழும் வலியை ஈதர் 1846 முதலே வென்றிருந்தது. ஆனால் காயம் ஆறியபின்னும் வாட்டும் வலிக்கு வழி என்ன? கையை இழந்த வீரன், இல்லாத அக்கையிலே வலி என்று துடித்தான். நரம்பருகே மருந்து செலுத்தி உணர்வைத் தடுத்துப் பார்த்தார் பொனிகா. சிலருக்குப் பயன் தந்தது, பலருக்குத் தரவில்லை. ஆகவே நரம்பு, எலும்பு, மனநல மருத்துவர்களை ஒன்றாக அமர்த்தி, ஒரே நோயாளியைப் பற்றிப் பேசவைத்தார். தனியொருவர் அறிவு வலிக்குப் போதாது என்பதே அவர் கண்ட உண்மை. 1953 இல் வெளிவந்த அவரது பெருநூல் இதனை உலகுக்கு உரைத்தது.

1960 இல் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மயக்க மருத்துவத் துறைத் தலைவராகி, அடுத்த ஆண்டே பல துறையினர் கூடிப் பணிபுரியும் வலி மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். அங்கு மறுவாழ்வு மருத்துவத் துறையிலிருந்த உளவியலறிஞர் வில்பர்ட் ஃபோர்டைஸ் கண்ட முறை குறிப்பிடத்தக்கது. முதுகு வலிக்கிறதென்று படுத்தே கிடப்பவனுக்குத் தசை மெலியும், மூட்டு இறுகும். பின் சற்று அசைந்தாலும் வலிக்கும். ஆதலின் அவன் தாங்கக்கூடிய அளவினும் சற்றுக் குறைவாகப் பயிற்சிக்குக் கணக்கு வகுத்தார். வலித்ததும் ஓய்வு என்பது போய், கணக்கு முடிந்ததும் ஓய்வு என்றாயிற்று. கணக்கு சிறிது சிறிதாக ஏறியது. மருந்தும் வலிக்கும்போது அன்றி, மணி பார்த்தே தரப்பட்டது. இம்முறையால் நடமாட்டம் மீண்டவர் பலர்.

1973 இல் சியாட்டிலை அடுத்த இசாக்வா என்னுமிடத்தில் பல நாட்டு அறிஞர்களைக் கூட்டினார். பன்னாட்டு வலி ஆய்வுக் கழகம் அக்கூட்டத்தில் கருக்கொண்டது.

இத்தனைக்கும், பிறர் வலியைத் தணித்தவரின் உடலில் வலி ஓய்ந்ததில்லை. மற்போரில் சிதைந்த மூட்டுகளுக்காகப் பன்முறை அறுவைக்கு உள்ளானார். நோவின் இடையிலும் பணியைக் குறைத்தாரில்லை. பணியில் ஆழ்ந்திருக்கும்போது வலி பின்னிடுவதைத் தம் உடலிலேயே கண்டவர் அவர். 1990 இல், 70 வயதைக் கடந்த நிலையில், தம் பெருநூலைப் புதுக்கி இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1994 இல் எம்மா மறைந்தார். சில வாரங்களில், ஆகஸ்டு 15 ஆம் நாள், பொனிகாவும் காலமானார்.