அணுவுக்குப் பூட்டுப் போட்ட பாபா

தகப்பனாருக்கு ஓர் ஆசை. மகனுக்கு வேறு ஆசை.

மகன் என்ஜினீயராகி, ஜாம்ஷெட்பூர் உருக்கு ஆலையில் பெரிய உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று தகப்பனார் கணக்குப் போட்டார். மகனோ பௌதிக சாஸ்திரம் படிக்கத் துடித்தான். எந்தக் குடும்பத்திலும் நடக்கக்கூடிய வழக்குத்தான் இது. 1928ஆம் ஆண்டில், பம்பாயில் ஒரு வசதியான பார்சிக் குடும்பத்தில் நடந்தது.

மகன் அப்போது இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருந்தான். வயது 19 கூட நிறையவில்லை. தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான். உத்தியோகமும் வியாபாரமும் தன் குணத்துக்கு ஒத்து வராது, பௌதிகம்தான் தன் வழி என்று மன்றாடினான்.

தகப்பனார் ஒரு வக்கீல். கோபித்துக் கொள்ளவில்லை. சாமர்த்தியமாக ஒரு நிபந்தனை போட்டார். முதலில் என்ஜினீயர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேற வேண்டும். தேறினால் மேற்கொண்டு கணிதம் படிக்கப் பணம் தருவார். 1930ல் மகன் முதல் வகுப்பில் தேறினான். தகப்பனார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1932ல் கணிதத்திலும் முதல் வகுப்பு!

அந்த மகன்தான் ஹோமி ஜஹாங்கிர் பாபா. இந்தியாவின் அணுசக்திக்கு அடிக்கல் நாட்டியவர்.

செல்வப் பிள்ளை

பாபா பிறந்தது 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ந் தேதி. அவருடைய பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வி இலாகாவின் தலைவராக இருந்தவர். அத்தையை மணந்தவர் சர் டோரப்ஜி டாட்டா. வீடு நிறையப் புத்தகங்கள், இசைத்தட்டுகள். சிறு வயதிலேயே பாபா படம் வரையக் கற்றார். பிற்காலத்தில் எத்தனை வேலை இருந்தாலும் தூரிகையை விடவில்லை. கல்யாணம் செய்து கொள்ளவே இல்லை.

வானத்திலிருந்து பூமிக்கு ஓயாமல் வந்து கொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். ஒரு துகள் காற்றில் மோதும். அது பலவாகச் சிதறும். அவை மீண்டும் மோதிச் சிதறும். மத்தாப்புப் பொறி போலப் பெருகும். இதற்குக் கணக்கு எழுதிக் காட்டியவர்கள் பாபாவும், ஹைட்லர் என்ற விஞ்ஞானியும். ஆண்டு 1937. அதிலிருந்து பாபாவின் பெயர் மேல்நாடுகளில் பரவியது.

விடுமுறையில் வந்தவர்

1939ல் பாபா விடுமுறைக்காக ஊருக்கு வந்தார். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பௌதிகப் பிரிவின் தலைவராக அங்கே இருந்தவர் நம்முடைய சர் சி. வி. ராமன்.

31 வயதிலேயே லண்டன் ராயல் சொசைட்டி பாபாவை அங்கத்தினராக்கியது. யுத்தம் முடிந்ததும் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். ஆனால், பெங்களூர் அவர் மனத்தை மாற்றியது.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ந் தேதி டாட்டா அறநிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவில் ஓர் உயர்ந்த பௌதிக ஆராய்ச்சிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். அணுசக்தி வரும் காலத்தில் நிபுணர்களை வெளிநாட்டில் தேடக் கூடாது. அவர்கள் இங்கேயே தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் இருந்தபோது எழுதிய கடிதம் இது! 1945ல் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிறந்தது.

மணலில் கிடந்த புதையல்

நம் நாட்டில் யுரேனியம் குறைவு. ஆனால் திருவாங்கூர்க் கடற்கரையிலும், மணவாளக்குறிச்சியிலும் மோனசைட் என்ற மணல் கிடக்கிறது. அதில் தோரியம் இருக்கிறது. யுரேனியத்தைப் போலத் தோரியத்தை நேராக எரிக்க முடியாது. அதைப் பக்குவப்படுத்தித்தான் எரிபொருளாக்க வேண்டும்.

இதற்குப் பாபா மூன்று படிகள் வகுத்தார். முதல் படியில், இருக்கிற யுரேனியத்தை உலையில் எரிப்பது. எரிந்த கம்பியில் புளூட்டோனியம் என்ற புதுப்பொருள் உண்டாகியிருக்கும். இரண்டாம் படியில் அந்தப் புளூட்டோனியத்தை வேறு வகை உலையில் எரிப்பது. மூன்றாம் படியில் தோரியம்.

கேட்க அழகான திட்டம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புளூட்டோனியத்தைப் பிரிக்க, எரிந்த கம்பியை நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். வேண்டியதை எடுத்த பிறகு மிச்சம் ஒரு திரவம். அது சாதாரணத் திரவம் அல்ல. பக்கத்தில் போனால் ஆளைக் கொல்லும் கதிர்வீச்சு உள்ளது. பாபாவின் திட்டம் நடக்கிற வரை இந்தத் திரவமும் வந்து கொண்டேதான் இருக்கும்.

சபையில் எழுந்த கேள்வி

நாடு சுதந்திரம் அடைந்ததும் அணுசக்திச் சட்டம் வந்தது. 1948 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபையில் விவாதம். மசோதாவில் ரகசியக் கட்டுப்பாடுகள் பலமாக இருந்தன. மைசூரைச் சேர்ந்த எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்தார். யுத்தத்துக்கான ஆராய்ச்சிக்கு மட்டும் ரகசியம் இருந்தால் போதாதா என்று கேட்டார். அமைதிக்கான வேலையையும் யுத்தத்துக்கான வேலையையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்கே தெரியவில்லை என்று பிரதமர் நேரு ஒப்புக் கொண்டார். சட்டம் நிறைவேறியது.

அவ்வாண்டு ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் ஏற்பட்டது. தலைவர் பாபா. மற்ற இருவர், சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும்.

வேலைகள் மளமளவென்று நடந்தன. 1954ல் அணுசக்தி இலாகா ஏற்பட்டது. அதன் காரியதரிசியும் பாபாதான். பம்பாய்க்குப் பக்கத்தில் டிராம்பேயில் ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. 1956 ஆகஸ்ட் 4ந் தேதி அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. சோவியத் நாட்டை நீக்கிப் பார்த்தால் ஆசியாவிலேயே அதுதான் முதல் அணு உலை.

1955ல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய அணு மகாநாட்டுக்குப் பாபா தலைமை வகித்தார். பல நாடுகள் தாங்கள் பூட்டி வைத்திருந்த விஷயங்களை முதல் தடவையாக அங்கே வெளியிட்டன. நட்சத்திரங்களில் நடப்பது போல அணுக்களைச் சேர்த்துச் சக்தி எடுக்கும் வித்தை 20 ஆண்டுகளில் கைவந்துவிடும் என்று பாபா அங்கே ஆரூடம் சொன்னார். அது பலிக்கவில்லை. மேதைகளுக்கும் ஜோசியம் கைகொடுப்பதில்லை!

உலகத்துக்கு முன்னால் ரகசியத்தைத் திறக்கச் சொன்ன அதே பாபா காலத்தில்தான், இந்தியாவில் 1962ஆம் ஆண்டின் புதிய அணுசக்திச் சட்டமும் வந்தது. அதன் 20ஆம் பிரிவு மிகக் கண்டிப்பானது. அணுசக்தி சம்பந்தமான எந்தக் கண்டுபிடிப்புக்கும் பேட்டண்ட் கிடையாது என்றது அது.

பேட்டண்ட் என்றால் என்ன?

ஒருவர் புதிதாக ஒரு கருவியைக் கண்டுபிடிக்கிறார். அதன் விவரம் முழுவதையும் அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்கார் அதை ஊரறிய வெளியிடும். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம் வரை அதைச் செய்து விற்கும் உரிமை அவருக்கு மட்டுமே. இதுதான் பேட்டண்ட். தமிழில் காப்புரிமை என்கிறோம். இப்போது அந்தக் காலம் 20 ஆண்டு.

அணுவுக்கு அதை ஏன் மறுத்தார்கள்? காரணம் இல்லாமல் இல்லை. சென்னை ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார், 1959ல் பேட்டண்ட் சட்டத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். இந்தியப் பேட்டண்டுகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டாரிடம் இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். அணு உலையின் சாவியும் அப்படி அந்நியக் கம்பெனியிடம் போய்விட்டால்? அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால், பேட்டண்ட் இல்லை என்றால் விவரத்தை ஊரறிய எழுதி வைக்கும் அந்த வாசலும் மூடிப் போகிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

மலையில் முடிந்த பயணம்

1964ல் டிராம்பேயில் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை வேலை செய்யத் தொடங்கியது. நம் என்ஜினீயர்களே கட்டியது. கொல்லும் திரவமும் அன்று முதல் வரத் தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளில் அதைச் சேமித்தார்கள். தொட்டி எத்தனை நாளைக்கு? என்றாவது ஒருநாள் கசியாதா? இந்தக் கேள்விக்குப் பதில் வருவதைப் பார்க்கப் பாபா இருக்கவில்லை.

1966 ஜனவரி 11ந் தேதி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காலமானார். 24ந் தேதி இந்திரா காந்தி பிரதமராகப் பதவி ஏற்றார். அதே 24ந் தேதி காலை ஏர் இந்தியாவின் காஞ்சன்ஜங்கா விமானம் ஜெனீவாவில் இறங்கப் போகும் நேரத்தில் மோண்ட் பிளாங்க் மலையில் மோதிச் சிதறியது. அதில் இருந்த 117 பேரும் மாண்டார்கள். வியன்னாவுக்குக் கூட்டத்துக்காகப் போய்க் கொண்டிருந்த பாபாவும் அவர்களில் ஒருவர். வயது 56. மறு ஆண்டு டிராம்பே ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

திரவம் ஓடும், கல் ஓடாது

திரவக் கழிவு எவ்வளவு பொல்லாதது என்பதைச் சென்னைக்கு வடக்கே, மணலியை அடுத்த சடையங்குப்பத்துக்காரர்களிடம் விளக்கத் தேவையில்லை. கொசஸ்தலை ஆறு பெருகினால் அந்தப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை கறுப்பாகப் படர்ந்தது. படகு, வலை எல்லாம் பாழ். அது எண்ணெய்தான், அணுக் கழிவு அல்ல. அதற்கே அந்தப் பாடு!

ஆகவே, அணுத் திரவத்தைக் கெட்டியாக்க வேண்டும். எதில்? விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தது கண்ணாடியை.

கழிவைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடுவது என்று நினைத்துவிடக் கூடாது. கழிவே கண்ணாடியாகிறது. முதலில் திரவத்தைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள். பிறகு மணல் சத்து, போரான், சோடியம் இவற்றைச் சேர்த்து, ஏறக்குறைய 1,000 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் உருக்குகிறார்கள். பாகில் சர்க்கரை கரைவது போல, விஷப் பொருள் கண்ணாடிக்குள் ஒன்றிப் போகிறது. குழம்பை எஃகு உருளையில் ஊற்றி, ஆற வைத்து, மூடியைப் பற்ற வைக்கிறார்கள். கனத்த சுவருக்கு வெளியே நின்று, இயந்திரக் கையால்தான் இவ்வளவும்.

உருளை நிறைந்ததும் குழம்பை நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டில், அந்தக் கதிர்வீச்சில் எந்தக் குழாய்த் திருகு தாங்கும்? அதற்கும் ஒரு யுக்தி. வடிகுழாயைச் சூடாக்கினால் குழம்பு இறங்கும். குளிரவிட்டால் குழம்பே உறைந்து தக்கையாக அடைத்துக் கொள்ளும்!

இந்தியாவில் இதற்கான முதல் ஆலை 1985ல் தாராப்பூரில் வந்தது. பிறகு டிராம்பேயிலும் நம் கல்பாக்கத்திலும் வந்தன.

பரிசோதகர் மேஜையில்

இப்படி ஒரு யுக்தியைக் கண்டுபிடித்தவர் கிண்டியில் உள்ள பேட்டண்ட் ஆபீசுக்கு மனுப் போட்டால் என்ன நடக்கும்?

பரிசோதகர் மூன்று கேள்வி கேட்பார். இது புதியதா? தொழில் தெரிந்த எவருக்கும் சட்டென்று தோன்றக்கூடியதா? உபயோகப்படுமா? புதியதா என்று பார்க்க உலகத்து ஏடுகளை எல்லாம் துழாவ வேண்டும். பிரான்சில் மார்கூல் என்ற இடத்தில் 1978லேயே கழிவைக் கண்ணாடியாக்கும் ஆலை ஓடியது. அதற்கு மேல் இவர் என்ன செய்தார் என்று காட்ட வேண்டும்.

மூன்றிலும் தேறினாலும் நான்காவது கதவு ஒன்று இருந்தது. 1970ஆம் ஆண்டு பேட்டண்ட் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 1962ஆம் ஆண்டின் அந்த 20ஆம் பிரிவைக் கைகாட்டியது. அணுசக்தி சம்பந்தப்பட்டதா? அப்படியானால் பேட்டண்ட் கிடையாது. சந்தேகம் வந்தால் கேள்வி மத்திய சர்க்காருக்குப் போகும். அங்கே சொல்வதே முடிவு.

கண்ணாடி உலை வளையல் தொழிலுக்கும் பொது. உருக்கும் முறையும் பொது. உள்ளே போகிற சரக்குதான் வேறு. ஆனால் கதிர்வீச்சுப் பொருளைப் பக்குவப்படுத்துவதையும், அணு வேலையின் பாதுகாப்பையும் கூட அந்தப் பிரிவு தன் வலைக்குள் வைத்திருந்தது. ஆகவே இம்மாதிரி மனுக்கள் தப்புவது கடினம். நேருவுக்கு 1948ல் பிரிக்கத் தெரியாமல் போன அதே கோட்டைத்தான், பின்னால் வந்த பரிசோதகர்கள் தங்கள் மேஜையில் தேட வேண்டியிருந்தது.

60 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பூட்டு இருந்தது. 2025 டிசம்பரில் பாராளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. அமைதிக்கான அணுக் கண்டுபிடிப்புகளுக்குப் பேட்டண்ட் கொடுக்க அதில் வழி வைத்தார்கள். நாட்டின் பாதுகாப்பைத் தொடும் விஷயத்தில் தடை நீடிக்கிறது.

கழிவிலிருந்து பிரித்த சீசியத்தைக் கண்ணாடிப் பென்சில்களாக வார்த்து, ரத்தத்தில் கதிர் பாய்ச்சும் கருவிகளுக்குப் பாபா ஆராய்ச்சிக்கூடம் கொடுத்திருக்கிறது. சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறைய 30 ஆண்டு போதும். புளூட்டோனியத்துக்கு 24,000 ஆண்டு. அது துளி மிச்சம் இருந்தாலும் கண்ணாடி அதுவரை காவல் காக்க வேண்டும்.

தாராப்பூரில் நிலவறைக்குள் உருளைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. விசிறி கிடையாது. புகைக்கூண்டு இழுக்கும் காற்றே அவற்றின் சூட்டைத் தணிக்கிறது. சில பத்தாண்டுகள் அங்கே ஆறிய பிறகு பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் புதைப்பது உத்தேசம். பாறை எவ்வளவு சூடு தாங்கும் என்று கோலார் தங்கச் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். புதைக்கும் இடம் எது என்பது இன்னும் முடிவாகவில்லை.