காற்றுக்குக் காத்திருந்த மீகாமன்

நுழையும்முன்

கடலோடிக்குத் துணிவு வேண்டும். அதனினும் மேலாகக் காலமறிதல் வேண்டும். எந்தக் காற்றில் பாய் விரிப்பது, எந்தக் காற்றுக்குக் கரையிலேயே காத்திருப்பது என்பதை அறிந்தவரே சென்ற கடலைக் கடந்து மீள்வார். திசைகாட்டும் கருவியின்றி அவ்வறிவைப் பெற்றிருந்த ஒருவரின் வாழ்க்கை இது.

பிறப்பும் கல்வியும்

பசிபிக் பெருங்கடலில், தாகித்தித் தீவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் உள்ளது ரையாத்தியா தீவு. அங்கு 1725 ஆம் ஆண்டளவில் துபாயா பிறந்தார். தபுதபுவாத்தியா என்னும் புகழ்பெற்ற வழிபாட்டிடம் அத்தீவில் அமைந்திருந்தது. வழிபாட்டு முறைகளையும் முன்னோர் வரலாற்றையும் கலம் செலுத்தும் கலையையும் கற்று, துபாயா அதன் குருமார்களுள் ஒருவரானார். பின்னர்ப் போரா போரா தீவினர் ரையாத்தியாவின்மீது படையெடுத்தனர். போரில் ஈட்டிக் காயமுற்ற அவர், உடைமைகளை இழந்து தாகித்தியில் அடைக்கலம் புகுந்தார். அங்கே பூரேயா என்னும் தலைவிக்கு அறிவுரைஞராக உயர்ந்தார்.

இரவுப் பயணம்

பொலினீசியர் இரண்டு தோணிகளைப் பலகைகளால் இணைத்துப் பாய் கட்டிக் கடலோடினர். மாலையில் புறப்பட்டால், பின்னால் தெரியும் தீவைக் கொண்டு கலத்தின் போக்கைச் சரிபார்க்கலாம். அது மறைவதற்குள் விண்மீன்கள் தோன்றிவிடும். செல்லும் திசையில் அடிவானத்தில் உதிக்கும் விண்மீனை நோக்கிக் கலத்தைச் செலுத்துவர். அது மேலேறியதும் அதே இடத்தில் உதிக்கும் அடுத்த விண்மீனைக் கைக்கொள்வர். மேகம் மறைத்தால், தொலைவிலிருந்து வரும் பேரலைகள் கலத்தை அசைக்கும் முறையைக் கொண்டே திசையை உணர்வர். தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகளின் இடைவழியை இருளில் காண இயலாது. ஆகவே, பகல் வெளிச்சத்தில் கரைசேருமாறு பயணத்தைத் திட்டமிடுதல் இன்றியமையாதது. மாலையில் கூடு திரும்பும் பறவைகளும், தீவின்மேல் அசையாது நிற்கும் மேகமும் கரையின் திசையை உணர்த்தும்.

காற்றின் காலம்

அக்கடற்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே காற்று வீசும். மேற்கே செல்வது எளிது, மீள்வது கடினம். பத்துப் பன்னிரண்டு நாளில் சென்ற தொலைவை மீளக் கடக்க முப்பது நாளாகும் என்பதைத் துபாயா அறிந்திருந்தார். நவம்பர் முதல் சனவரி வரையிலான மாதங்களில் மழையோடு மேலைக்காற்று வீசும் என்பதையும், அதற்குக் காத்திருந்தே தம்மவர் கிழக்கே மீள்வர் என்பதையும் அவர் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்குக்கு எடுத்துரைத்தார். காற்று வேண்டி அவர் வழிபடுவதுண்டு. காற்று நெருங்கிவருவதைக் கண்ட பிறகே அவர் வழிபாட்டைத் தொடங்குவதாக உடன்பயணித்த அறிஞர் ஜோசப் பேங்க்ஸ் சற்றே எள்ளலுடன் குறித்துவைத்தார். காற்றின் வருகையை முன்னுணரும் கூர்மை துபாயாவுக்கு இருந்ததை அக்குறிப்பே காட்டிவிடுகிறது.

எண்டெவர் கப்பலில்

வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை ஆராயத் தாகித்திக்கு வந்த எண்டெவர் கப்பல், 1769 சூலை 13 அன்று புறப்பட்டபோது துபாயாவும், தாயாத்தா என்னும் சிறுவனும் அதில் ஏறினர். ஹுவாஹினே தீவில் அவர் ஒருவரை நீரில் மூழ்கச் செய்து, கப்பலின் அடிப்பகுதி எவ்வளவு ஆழத்தில் உள்ளது என அறிந்துகொண்டார். அதன்பின் ஏறத்தாழ 9 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் கப்பல் சென்றால் அவர் பெரிதும் கலங்குவார். மேற்கே தீவுகள் பல உள்ளன என அவர் வலியுறுத்தியும், மேலிடத்து ஆணைப்படி தென்பெருங்கண்டத்தைத் தேடிக் குக் தெற்கே திரும்பினார். அக்கண்டம் தென்படவில்லை.

நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்குத் துபாயாவின் மொழி விளங்கியது. கடலால் பிரிந்த மக்களின் உறவை அம்மொழி உணர்த்தியது. அவர் துணையுடன் வரையப்பட்ட நிலப்படத்தில் 74 தீவுகள் இடம்பெற்றன. அவை 4,000 கி.மீ.க்கும் மேற்பட்ட பரப்பில் பரவியவை. எங்கிருந்தாலும் தாகித்தி இருக்கும் திசையை அவரால் சுட்ட முடிந்தது என்பர்.

மீளாத பயணம்

1770 இன் இறுதியில், இன்றைய ஜகார்த்தாவான பட்டேவியாவில் நோய் பரவியது. முதலில் தாயாத்தா இறந்தான். சில நாள்களில் துபாயாவும் மறைந்தார். அவருடைய தாயகக் கடலில் மேலைக்காற்று வீசும் காலம் அது.

பொலினீசியர் திட்டமிட்டுக் கடலோடியவர் அல்லர், காற்று அடித்துச்சென்ற திசையில் ஒதுங்கியவரே எனப் பிற்காலத்தார் சிலர் கருதினர். 1986 இல் ஹொக்குலேயா என்னும் இரட்டைத்தோணி, மேலைக்காற்றுக்குக் காத்திருந்து, கருவிகளின்றிச் சமோவாவிலிருந்து கிழக்கே தாகித்தியை நோக்கிப் பயணித்து அதனை அடைந்தது. துபாயா இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கூறிய உண்மை அப்பயணத்தால் மெய்ப்பிக்கப்பட்டது.