ரேடியோவில் நிறுத்தப்பட்ட குரல்

பம்பாயிலிருந்து இட்டார்சி போகும் ரெயில் பாதையில், மத்தியப் பிரதேசத்தில், காண்ட்வா ஜங்ஷன் இருக்கிறது. அந்த ஊர் வக்கீல் குஞ்சலால் கங்குலியின் கடைசி மகனாக 4-8-1929 அன்று பிறந்தவர் அபாஸ்குமார். பின்னாளில் நாடே அறிந்த பாடகர் கிஷோர்குமார் அவர்தான்.

அண்ணன் அசோக்குமார் பம்பாயில் பெரிய நடிகர். தம்பியையும் நடிகனாக்க நினைத்தார். தம்பிக்கோ பாட்டில்தான் ஆசை. சங்கீதம் முறையாகப் படித்தவர் அல்ல. சைகால் பாட்டைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகினார். 1948-ல் 'ஜித்தி' படத்தில் பின்னணி பாடினார். ஆனாலும் பல ஆண்டுகள் சிரிப்பு நடிகராகவே ஓடினார்.

1956-ல் வந்த 'நியூ டெல்லி' படத்தில் அவர் பஞ்சாபி வாலிபர். டெல்லியில் வாடகைக்கு வீடு கிடைக்காமல், தமிழர் வேடம் போட்டுக் குடியேறுவார். தமிழ்ப் பெண்ணாக வைஜயந்திமாலா! வெளியூரில் வீடு தேடி அலைந்த நம்மவர்களுக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

1969-ல் 'ஆராதனா' வந்தது. அதன்பின் பின்னணிப் பாட்டில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பணம் கைக்கு வராமல் பாட மாட்டார் என்று பட உலகில் பெயர். அதே மனிதர் சத்யஜித்ராயின் 'சாருலதா'வில் (1964) சம்பளம் வாங்காமல் பாடிக் கொடுத்தார். மனம் வைத்தால் இலவசம். இல்லாவிட்டால் யார் சொன்னாலும் நடக்காது.

இந்தக் குணம்தான் 1976-ல் அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டது.

1975 ஜூன் 25-ந் தேதி நெருக்கடி நிலை வந்தது. பிரதமர் இந்திரா காந்தியின் 20 அம்சத் திட்டத்தை மக்களிடம் கொண்டு செல்ல சினிமாக் கலைஞர்கள் உதவ வேண்டும் என்று சர்க்கார் விரும்பியது. பட அதிபர்கள் தலையாட்டினார்கள். அதிகாரி ஒருவர் கிஷோர்குமாருக்குப் போன் செய்து, வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது என்று கிஷோர் மறுத்துவிட்டார். அவர் எந்தக் கட்சியையும் எதிர்த்துப் பேசியவர் அல்ல. மேடை ஏறி முழங்கியதும் இல்லை. பாட மாட்டேன் என்றார், அவ்வளவுதான்.

அது மரியாதைக் குறைவாம்! 1976 மே 4-ந் தேதி முதல் அவர் பாட்டுக்கு அகில இந்திய ரேடியோவிலும் டெலிவிஷனிலும் தடை விழுந்தது. விவிதபாரதியில் அவர் குரல் நின்றது. மில் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அன்று பாட்டு என்றால் ரேடியோதான். ரேடியோவும் டெலிவிஷனும் சர்க்கார் கையில் மட்டும் இருந்த காலம் அது. அங்கே கதவை அடைத்தால் பாடகன் எங்கே போவான்?

ஜூன் மாதம், ஒத்துழைப்பதாக அவரும் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. பணிந்துவிட்டார் என்று இன்று சொல்வது சுலபம். பெரிய பெரிய பட அதிபர்களே வாய் திறக்காத நாளில், ஒருவர் சில வாரமாவது தாக்குப் பிடித்ததே பெரிது.

1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. நெருக்கடி நிலை அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா கமிஷன் முன்பு இந்த விவகாரமும் வந்தது. தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த வி.சி.சுக்லா, பொறுப்பு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார்.

கிஷோர் மறுபடி பாட்டில் மூழ்கினார். சினிமாவை விட்டுக் காண்ட்வாவுக்கே போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. அது நிறைவேறுமுன், 13-10-1987 அன்று பம்பாயில் மாரடைப்பால் இறந்தார். வயது 58. அன்று அண்ணன் அசோக்குமாரின் பிறந்தநாள்.

உடல் காண்ட்வாவுக்குக் கொண்டு போகப்பட்டது. அங்கே அவர் சமாதியில், பிறந்தநாள்தோறும் ரசிகர்கள் கூடி, அவருக்குப் பிடித்த பாலும் ஜிலேபியும் படைக்கிறார்கள்.