லயனல் பிளேஸ் துரை

செங்கற்பட்டிற்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளிப் பெருவழியில், மதுராந்தகம் என்னும் பழம்பதி உளது. அவ்வூரேரி கிளியாற்று நீரைத் தேக்கிச் சிற்றூர் பலவற்றை ஊட்டுவது. கரையை அடுத்த கோயிலில் எழுந்தருளிய பெருமானை ஏரி காத்த இராமர் என்றே மக்கள் வழங்குவர். அக்கோயிலின் தாயார் சந்நிதிக் கல்வெட்டில் ஆங்கிலேயர் ஒருவரின் பெயர் காணப்படுகின்றது. அவரே லயனல் பிளேஸ் துரை. வேற்று நாட்டாரும் வேற்றுச் சமயத்தாருமாகிய அவர் பெயர் ஆண்டு இடம் பெற்றது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஆர்க்காட்டு நவாபினிடமிருந்து கும்பினியார் 1763-ஆம் ஆண்டில் ஜாகீராகப் பெற்ற சீமை, சென்னையைச் சூழ்ந்து, கடன்மல்லைக் கரையையும் உட்கொண்டு கிடந்தது. 1780-இல் ஹைதர் அலியின் படை அதனைப் பாழ்படுத்தியது. குடிகள் சிதறினர், கரைகள் உடைந்தன, மதகுகள் தூர்ந்தன. இந்நிலையில், 1794-இல், பிளேஸ் அச்சீமையின் கலெக்டரானார்.

அவர் கண்டிப்பு மிக்கவர். வரிப்பணத்தில் நெகிழ்ச்சி காட்டினாரல்லர்; தம் ஏற்பாட்டிற்கு இணங்காத மிராசுதாரர் பலரின் பகையைத் தேடிக்கொண்டார். அவரிடத்துக் குறையே இல்லை என நாம் கூற வந்தேமல்லேம். எனினும், நீரின்றி விளைவில்லை, விளைவின்றி வரியில்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆதலின் ஏரிகளைச் செப்பனிடுதலைத் தலையாய கடனாகக் கொண்டார்.

மதுராந்தகத்தேரி அவருக்குப் பெருஞ்சோதனையாயிற்று. மண்கரையின் இயல்பு யாவரும் அறிந்ததே. வெள்ளம் கரைமேல் வழியத் தொடங்கின், மண் கரைந்து சிறு பிளவு பெரும்பிளவாகும். எலிவளையும் மதகோரக் கசிவும் உள்ளிருந்தே கரையை அரிக்கும். மிகுநீரைக் கழிக்கும் கலிங்கு கருங்கல்லாலன்றி நிலைபெறாது.

அந்நாளில் கோயிலில் கருங்கற்கள் குவிந்து கிடந்தன என்றும், அவற்றைக் கலிங்கிற்குத் தருமாறு துரை கேட்டார் என்றும், தாயார் சந்நிதி எழுப்பச் சேர்த்த கற்கள் அவை என அர்ச்சகர் மறுத்தனர் என்றும் செவிவழிச் செய்தி கூறும். ஏரியையே காவாத தெய்வத்திற்கு மற்றுமொரு சந்நிதி எதற்கென்று துரை எள்ளினாராம். ஈற்றில், வரும் மழையில் கரை உடையாதிருப்பின் அச்சந்நிதியைத் தாமே கட்டுவிப்பதாக வாக்களித்தாராம்.

1798-இல் அடைமழை பெய்தது. நள்ளிரவில் கரையைக் காணச் சென்ற துரை, வில்லேந்திய வீரர் இருவர் ஒளி சூழக் கரைமேல் காவல் நிற்கக் கண்டு மண்டியிட்டார் என்ப. கரை உடைந்திலது. சந்நிதி எழுந்தது, அத்தருமம் அவருடையதெனக் கல்லும் கூறுகின்றது.

அவர் கண்ட காட்சியை ஆராய்தல் எம் கருத்தன்று. அக்கதையில் எம் உள்ளத்தைத் தொடுவன மூன்று. ஆணையொன்றால் அக்கற்களைப் பறிக்கும் அதிகாரம் அவர்க்கிருந்தது. ஏரிக்கீழ் வாழும் உயிர்களைக் காப்பதற்கென்னும் நல்ல காரணமும் இருந்தது. இருந்தும் பிறர் பொருளை வலிந்து கவர்ந்தாரல்லர். ஏவலாளர் சொல்லை நம்பி இல்லத்தில் உறங்காது, மழையிருளில் தாமே கரைக்குச் சென்றார். இடர் நீங்கியபின் வாக்கை மறந்தாருமல்லர்.

இவ்வறம் இந்நாட்டிற்குப் புதியதன்று. அண்மையிலுள்ள உத்திரமேரூரில், பராந்தகச் சோழர் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியுடையரல்லர் என்பது அவ்வூரார் வகுத்த விதி. கட்டுவோன் கைத்தூய்மையே கட்டடத்தின் வலிமை என்பதை நம் முன்னோர் தெளிந்திருந்தனர்.

கரையினுள் இட்ட மண் நல்லதோ, பொருந்தாததோ, வெயிற்காலத்தில் எவரும் அறியார், செய்தவனே அறிவான். வெள்ளம் வந்துழி ஊரார் அறிவர். ஆனால் அப்பொழுது அறிந்து பயன் என்னை? நம் கல்லூரியினின்று வெளியேறிப் பாலமும் மாளிகையும் கட்டுவிக்கும் பொறுப்பேற்கும் நண்பர்கள், மேற்பார்ப்பார் இல்லாவிடத்தும் மனச்சான்றைக் காவல் வைப்பாராக. மதுராந்தகம் வழியாகச் செல்வோர் ஒரு நாழிகை இறங்கி அக்கரைமேல் நின்று காண்பது நன்று.