நிற்குமா, நிற்காதா? போத்தனூர்க்காரர் மகன் போட்ட கணக்கு

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி. மான்செஸ்டரில் என் வீட்டில் ஆன்-கால் டியூட்டி. வழக்கமாக நாற்பது நிமிஷத்தில் முடிகிற ஒரு பேட்ச் ஜாப், மூணு மணி நேரமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஹேங் ஆகிவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா? தெரியவில்லை. பொறுமை போய் நிறுத்திவிட்டேன். காலையில் லாக் பார்த்தால், மிச்சம் இருந்தது கொஞ்சம் ரெக்கார்டுகள்தான்! வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய கணக்கு ஒரு நாள் தாமதம்.

எந்த புரோகிராம் முடியும், எது முடியாது என்று முன்னாடியே சொல்ல ஒரு டூல் எழுதக்கூடாதா, அதான் ஏஐ வந்தாச்சே என்று மேலாளர் கேட்டார். எல்லாத்துக்கும் பொதுவாக எழுத முடியாது, 1936-லேயே நிரூபித்துவிட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நிரூபித்தவரின் கதையை இங்கே சொல்கிறேன்.

ஆலன் டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா சாரா பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம போத்தனூரில்! தாத்தா எட்வர்ட் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். கோவையில் பொறியியல் படித்த நாலு வருஷமும் போத்தனூர் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டேதான் போய்வந்தேன், இது தெரியாமலே. பெற்றோர் இந்தியாவில் இருக்க, ஆலனும் அண்ணன் ஜானும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் வளர்ந்தார்கள். பெற்றவர்கள் ஒரு தேசம், பிள்ளைகள் ஒரு தேசம் என்பது நமக்குப் புதுசு இல்லையே.

பள்ளியில் உயிர் நண்பன் கிறிஸ்டோபர் மோர்காம் 1930-ல் காசநோயில் இறந்தது ஆலனை உலுக்கியது. 1931-ல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போனார். 22 வயதில் அங்கேயே ஃபெல்லோ ஆனார். எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அதை நிரூபிக்க முடியுமா என்று இயந்திரத்தனமாகக் கண்டுபிடிக்கும் வழி உண்டா? ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் எழுப்பிய இந்தக் கேள்வி, மேக்ஸ் நியூமனின் வகுப்பு வழியாக அவரிடம் வந்தது.

அப்போது கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர் என்றுதான் அர்த்தம். டூரிங் மனசுக்குள்ளேயே ஒரு இயந்திரம் கட்டினார். கட்டம் கட்டமாக ஒரு நீண்ட நாடா, கட்டத்துக்கு ஒரு குறி, படிக்க, எழுத, நகர சில விதிகள். அவ்வளவுதான். அதற்கு முடியாத வேலையும் உண்டு என்று 1936-ல் காட்டினார். அமெரிக்காவில் அலான்சோ சர்ச் வேறு வழியில் இதே விடைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தார்.

பின்னாளில் இதற்கு வந்த எளிய வடிவம் இது. ஒரு ஜோசியர் புரோகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் நிற்கும், நிற்காது என்று சரியாகச் சொல்லும். இப்போது ஒரு வீம்புக்கார புரோகிராம் எழுதுவோம். அது தன்னைப் பற்றியே ஜோசியரிடம் கேட்கும். நிற்கும் என்றால் நிற்காமல் ஓடும். நிற்காது என்றால் டக்கென்று நின்றுவிடும். ஜோசியர் எதைச் சொன்னாலும் தப்பு. ஆக, அப்படி ஒரு ஜோசியர் இருக்கவே முடியாது.

வீம்புக்காரனை யாருங்க நிஜத்தில் எழுதப்போகிறார்கள், இது வெறும் வார்த்தை ஜாலம்தானே என்று சிலர் கேட்பார்கள். கல்லூரியில் நானும் கேட்டேன். வீம்புக்காரன், ஜோசியரைப் பிடிக்க வைத்த பொறி மட்டும்தான். 2-க்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பது 1742 முதல் நிரூபிக்கப்படாத கோல்ட்பாக் ஊகம். 4, 6, 8 என்று வரிசையாகச் சோதித்து, பொய்த்தால் மட்டும் நிற்கும் புரோகிராம் எழுதப் பத்து வரி போதும். இதில் தன்னைத் தானே கேட்கும் வேலையே கிடையாது. ஜோசியர் இருந்தால் இந்தப் புதிரும் அப்பவே முடிந்துவிடும். அவர் இல்லாததால் என்னவெல்லாம் கைக்கு எட்டாமல் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு வாதம், நிஜ கம்ப்யூட்டரின் மெமரிக்கு அளவு உண்டே, எல்லா நிலைகளையும் சோதித்தால் போச்சு என்பது. கொள்கை அளவில் சரி. ஆனால் வெறும் 300 பிட் மெமரிக்கே வரக்கூடிய நிலைகள், நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகம். ஏஐ வந்தாலும் அதுவும் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்தான். அதற்கும் இதே வேலிதான்.

வேலியைக் காட்டிய மனிதர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. 1939-ல் பிளெட்ச்லி பார்க்கில் சேர்ந்து, போலந்து கணித வல்லுநர்களின் வேலையைத் தொடர்ந்து, ஜெர்மனியின் எனிக்மா சங்கேதங்களை உடைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தார். 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது 1949-ல் அவர் வாசித்த ஒரு சின்னக் கட்டுரை. ஒரு குறிப்பிட்ட புரோகிராம் நிச்சயம் முடியும் என்று எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் கண்டுபிடி என்றார். குறைகிறது, அப்புறம் குறைய இடமில்லை என்றால் நின்றுதானே ஆகவேண்டும்? எல்லாவற்றுக்கும் ஒரே வழி கிடையாது என்று நிரூபித்தவரே, ஒவ்வொன்றாகப் பார்க்க வழி சொன்னார். வரம்பு என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை. இந்த வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

1952-ல் ஓரினச்சேர்க்கையாளர் என்பதற்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சை. ரகசியப் பணிக்கான அனுமதியும் போனது. 1954 ஜூன் 7-ல், 41 வயதில், சயனைடு விஷத்தால் இறந்தார். விசாரணையில் தற்கொலை என்றார்கள். அம்மா சாரா அது விபத்து என்றே நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதி 1959-ல் வெளியிட்டார். போரில் அவர் செய்த வேலை வெளியே தெரியவே 1970-கள் ஆனது. 2009-ல் அரசு மன்னிப்புக் கேட்டது. 2013-ல் அரச மன்னிப்பு. 2021 முதல் 50 பவுண்டு நோட்டில் அவர் முகம்.

அந்த பேட்ச் ஜாப்பில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இன்னும் எத்தனை ரெக்கார்டு பாக்கி என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எழுதும். எண் குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கலாம். மேலாளர் கேட்ட டூல் இது இல்லை. ஆனாலும் அதற்கப்புறம் ஒருமுறைகூட நான் அவசரப்பட்டு நிறுத்தவில்லை.