நீலகண்ட சிவன்: நாதத்தில் நிலைத்த சந்நிதி

கண்ணால் காணும் கோயில் ஒன்று. செவியின் வழியே நெஞ்சில் எழும் கோயில் மற்றொன்று. இளமையில் ஒரு சந்நிதியில் கேட்ட பாட்டு, பல்லாண்டுகள் கழிந்தபின் வேற்றூரில் நம் செவியில் விழுமாயின், அச்சந்நிதியின் விளக்கொளியும், திருநீற்றின் மணமும், அருகே கைகூப்பி நின்ற பெற்றோரின் திருமுகமும் ஒருங்கே தோன்றுகின்றன. நம்மையறியாமல் கண்ணீர் பெருகுகின்றது. இவ்வுண்மையை விளக்க வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் குமரி மாவட்டத்தில் தோன்றிய நீலகண்ட சிவன் என்னும் அருளாளரின் வரலாறே போதுமானது. குடமுழுக்கு விழாக் காணும் இந்நன்னாளில் அப்பெரியாரை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

நீலகண்ட சிவன் 1839-ஆம் ஆண்டில் நாகர்கோவிலைச் சார்ந்த வடிவீசுவரத்தில் அவதரித்தார். இசையரசராகிய சுவாதித் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரை ஆண்ட காலம் அது. சிவனின் இளமைப் பருவம் பத்மநாபபுரத்தில் கழிந்தது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்திற்கு மாறிவிட்டமையால், அந்நாளில் அவ்வூர் அரண்மனை ஆரவாரம் அடங்கிய பழம்பதியாய் விளங்கிற்று. ஆயினும் நீலகண்டசுவாமி திருக்கோயிலின் மணியோசை அடங்கவில்லை. அங்கே நீலகண்டப் பெருமானும் ஆனந்தவல்லி அம்மையும் எழுந்தருளியிருக்கின்றனர். அப்பெருமானின் பெயரே நம் சிவனின் பெயராகவும் வழங்குகின்றது.

கருங்கல் வட்டாரத்து அன்பர்களுக்கு அத்திருக்கோயில் புதிதன்று. மகாசிவராத்திரியில் முஞ்சிறைத் திருமலையில் தொடங்கும் சிவாலய ஓட்டத்தில், பன்னிரண்டு தலங்களுள் ஏழாவதாக அடியார்கள் வணங்குவது அச்சந்நிதியையே. நம் ஊருக்கு அணித்தாயுள்ள திருநட்டாலத்தில் அவ்வோட்டம் நிறைவுறுகின்றது. ஓடிக் களைத்த கால்கள் சென்றடையும் அதே வாயிலில்தான் நீலகண்ட சிவனின் இளநெஞ்சம் பக்தியில் ஊறிற்று.

பிற்காலத்தில் அவர் திருவனந்தபுரத்தை அடுத்த கரமனையில் வாழ்ந்தார். கரமனை நீலகண்ட சிவன் என்றே இசையுலகம் அவரை அறியும். தெலுங்குக் கீர்த்தனங்கள் மேலோங்கியிருந்த அக்காலத்தில், எளியோரும் பொருளுணர்ந்து பாடும் வண்ணம் தமிழில் பாடல்களை இயற்றியளித்தார். முகாரி இராகத்தில் அமைந்த ‘என்றைக்குச் சிவகிருபை’, பௌளி இராகத்தில் அமைந்த ‘சம்போ மகாதேவ’, பூர்விகல்யாணியில் அமைந்த ‘ஆனந்த நடமாடுவார்’ முதலியன இன்றும் கச்சேரி மேடைகளில் முழங்குகின்றன. முகாரி துயரத்தையும் ஏக்கத்தையும் உருக்கிக் காட்டவல்ல இராகம். இறைவன் அருள் எந்நாள் கிட்டுமோ என்று ஏங்கும் நெஞ்சிற்கு அதனினும் பொருந்திய பண் கிடைப்பது அரிது.

கரமனைக்கும் பத்மநாபபுரத்திற்கும் உள்ள தொடர்பு ஒன்றை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். ஆண்டுதோறும் நவராத்திரியில் பத்மநாபபுரத்துச் சரசுவதி அம்மையும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பவனியாகத் திருவனந்தபுரம் எழுந்தருள்கின்றனர். அத்திருவுலாவின் வழி கரமனையினூடே செல்கின்றது. இளமையில் தொழுத ஊரின் தெய்வமே வந்து மங்கல வாத்திய முழக்கத்துடன் தெருவைக் கடக்கும்போது, ஊர் விட்டு ஊர் வந்தோர் உள்ளத்தில் என்னென்ன நினைவுகள் எழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

1900-ஆம் ஆண்டில் நீலகண்ட சிவன் சிவனடி சேர்ந்தார். ஆயினும் அவர் பாடல்கள் மறையவில்லை. அதற்குச் சற்று முன்னர், தஞ்சைத் தரணியிலுள்ள போலகத்தில் 1890-இல் பிறந்த இராமையா என்னும் சிறுவன், ஏழு வயதில் தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்திருந்தான். கரமனை பஜனைகளில் ஒலித்த நீலகண்ட சிவனின் பாடல்கள் அச்சிறுவனின் செவியில் புகுந்து நெஞ்சில் வேரூன்றின. 1910-இல் தாயும் மறைந்தபின் அவ்விளைஞன் சோழநாடு திரும்பித் தலந்தோறும் பாடித் திரிந்தான். பெற்றோருமின்றிப் பொருளுமின்றி அலைந்த அந்நாட்களில் அவனுக்கு உடன்வந்த செல்வம் இளமையில் கேட்ட அவ்விசையே. அவ்விளைஞனே பின்னர் மயிலைக் கபாலீசுவரரைப் பாடி, தமிழ்த் தியாகையர் எனப் போற்றப்பெற்று, 1973-இல் மறைந்த பாபநாசம் சிவன். பத்மநாபபுரத்துச் சந்நிதியில் முளைத்த பக்தி, கரமனை வழியாக மயிலை மாடவீதியை அடைந்தது. கல்லும் மரமும் செல்லவியலாத தொலைவுக்கு நாதம் சென்றது.

இளமையில் கேட்ட இசை மனத்தை விட்டு எளிதில் அகலாது என்பதை இக்கால மூளை ஆய்வாளரும் ஒப்புகின்றனர். பழகிய பாட்டு, அதனோடு பிணைந்த வாழ்க்கை நினைவுகளைத் தட்டியெழுப்புகின்றது என்றும், மறதிநோயால் மக்களின் பெயரையே மறந்த முதியோர்கூடச் சிறுபருவத்துப் பாடலைக் கேட்டால் உடன் பாடுவதுண்டு என்றும் கூறுகின்றனர். நம் முன்னோர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆகையினாலன்றோ பூசைக்குப் பாட்டையும், பாட்டிற்குப் பண்ணையும் இணைத்து வைத்தனர்!

திருப்பணிக்கு வாரி வழங்கிய புண்ணியசீலர்களின் முன் ஒரு விண்ணப்பம். குடமுழுக்கினால் விமானமும் கலசமும் பொலிவு பெற்றன. ஆனால் நாளை இச்சந்நிதியில் நிற்கப்போகும் குழந்தைகள் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்வார்கள்? ஒலிபெருக்கியில் ஓடும் பதிவு ஒலி மட்டுமே அவர்கள் செவிக்கு எட்டுமாயின், பாட்டோடு சேர்ந்து நினைவில் பதிய வேண்டிய முகங்கள் இல்லாமற் போகும். தாயும் தந்தையும் அண்டை அயலாரும் கூடியமர்ந்து தம் குரலில் பாடுவதைக் கேட்ட குழந்தை, எத்தனை தொலைவில் வாழ நேரினும் அப்பாட்டின் வழியே இத்திருக்கோயிலுக்குத் திரும்பி வரும். கல்லுக்குச் செய்த அறத்தோடு, வாரந்தோறும் சிறுவர் கூடிப் பாடும் பஜனைக்கும் ஒரு கட்டளை வைத்தால், அது தலைமுறைகளைக் கடந்து நிற்கும் திருப்பணியாகும்.

அதற்கு இறைவன் திருவருள் துணை நிற்பதாக.